குல்லா குடும்பங்கள்: தீவில் தங்குவதா, வடக்கே கப்பலேறுவதா?

நெய்தல்வாசி:

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத் தீவுகளில் வாழும் குல்லா மக்களைப் பற்றி நம் களத்தில் தனி இழை எதுவும் கண்ணில் படாததால் இதைத் தொடங்குகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு, சார்ல்ஸ்டன், சவானா துறைமுகங்களில் விற்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் இவர்கள். ஜார்ஜியா மாநிலத்துப் பக்கம் கீச்சி என்று அழைக்கப்படுகிறார்கள். நெல் சாகுபடி தெரிந்த செனகாம்பியா, சியரா லியோன் பகுதி மக்களைக் கரோலினா பண்ணையார்கள் விரும்பி வாங்கினார்கள். கோடைக்காலக் காய்ச்சலுக்கு அஞ்சி அந்தப் பண்ணையார்கள் ஆண்டில் பல மாதங்கள் தீவுகளை விட்டு விலகியிருந்ததாலும், தீவுகளுக்குப் பாலம் இல்லாததாலும், ஆங்கிலமும் பல ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த தனி மொழி, தனி வழிபாடு, தனிச் சமையல் ஆகியவை இங்கே தலைமுறை தலைமுறையாக நிலைத்தன.

நான் விவாதத்திற்கு வைக்க விரும்புவது ஒரு குறிப்பிட்ட காலத்தின் கேள்வி. 1920ஆம் ஆண்டு வாக்கில் தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டியின் பெற்றோர் வாங்கிய பத்து ஏக்கர் நிலம். அதில் பருத்தி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிறிது நெல். பக்கத்துக் கழியில் மீனும் சிப்பியும். பருத்திக் காயைத் துளைக்கும் வண்டு வந்து இரண்டொரு ஆண்டுகளில் விளைச்சலை ஒழித்துவிட்டது. நியூயார்க்கில் கூலி அதிகம் என்று முன்பே போன உறவினரிடமிருந்து கடிதம் வருகிறது. இளையவர்கள் புறப்பட நினைக்கிறார்கள், பாட்டி மறுக்கிறாள்.

என் கருத்து பாட்டியின் பக்கம். குல்லா மரபு ஏட்டில் இருப்பது அன்று, தரையில் இருப்பது. இறந்தவர்களை நீரோரத்தில் புதைத்து, அவர்கள் கடைசியாகப் பயன்படுத்திய கோப்பையையும் தட்டையும் விளக்கையும் கல்லறை மேல் வைக்கும் மக்கள், அந்தக் கல்லறையைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெம் போக முடியாது. புறப்பட்ட நாளிலேயே மரபு பாதி அறுந்துவிட்டது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

ஏட்டுப்பூச்சி:

நெய்தல்வாசி அவர்களுக்கு வணக்கம். நல்ல கேள்வி. ஆனால் இருப்பதும் போவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று தாங்கள் எடுத்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பத்து ஏக்கர் குடும்பத்தின் கைக்கு எப்படி வந்தது, அதன் பிறகு எப்படிக் கையில் நின்றது என்று பார்த்தால், கணக்கு வேறு மாதிரி வருகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 நவம்பரில் வடக்குப் படைகளின் கப்பல்கள் இந்தத் தீவுகளை ஒட்டிய போர்ட் ராயல் நீரிணையைப் பிடித்தவுடன் பண்ணையார்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். உழைத்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். 1862இல் விடுதலை பெற்றவர்களுக்கென்று பென் பள்ளி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஹில்டன் ஹெட் தீவில் மிட்செல்வில் என்ற ஊரை அவர்களே நிர்வகிக்கத் தொடங்கினார்கள். வரி கட்டாத பண்ணைகளைக் கூட்டரசு பறிமுதல் செய்து 1863 முதல் ஏலம் விட்டபோது, செயின்ட் ஹெலினாவில் பலர் சிறு துண்டுகளாக நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1865 ஜனவரியில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மன், விடுதலை பெற்ற குடும்பங்களுக்குத் தலா நாற்பது ஏக்கர் வரை தரும்படி பிறப்பித்த ஆணையின்படி சுமார் 40,000 பேர் குடியேறிய சுமார் 4,00,000 ஏக்கர் நிலத்தில் பெரும்பகுதியை, அதே ஆண்டின் இறுதிக்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆணையை நம்பியவர்கள் நிலத்தை இழந்தார்கள்; பத்திரம் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். தாங்கள் சொல்லும் பாட்டி இந்தப் பாடத்தைத் தாயிடம் கேட்டு வளர்ந்தவள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து வந்தது 1893 ஆகஸ்ட் 27 இரவின் புயல். கடல் தீவுகளின் மேல் ஏறியது. குறைந்தது இரண்டாயிரம் பேர் இறந்ததாக மதிப்பீடு. விதை உட்பட எல்லாம் உப்புநீரில் போயிற்று. கிளாரா பார்ட்டனின் செஞ்சிலுவைச் சங்கம் அடுத்த கோடை வரை தீவுகளில் தங்கி நிவாரணம் அளித்தது. ஆற்றுப்படுகையில் பாஸ்பேட் தோண்டும் தொழில் அதுவரை தீவுக்காரர்களுக்குக் கைக்காசு தந்துகொண்டிருந்தது. அதுவும் அந்தப் புயலுக்குப் பிறகு எழவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1895இல், தென் கரோலினா தன் அரசியலமைப்பை மாற்றி எழுதிக் கறுப்பர்களின் வாக்குரிமையை நடைமுறையில் பறித்தது. பியூஃபர்ட் ஊரில் அடிமையாகப் பிறந்து, 1862இல் தெற்குப் படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பி, பின்னர் காங்கிரஸ் உறுப்பினரான ராபர்ட் ஸ்மால்ஸ் அந்த மாநாட்டில் நின்று எதிர்த்தும் பயனில்லை. பருத்தி வண்டு வருவதற்கு முன்பே புறப்படுவதற்கான காரணங்கள் இவ்வளவு சேர்ந்துவிட்டன.

அப்படியிருந்தும் குடும்பங்கள் கூண்டோடு போகவில்லை. 1932இல் வெளியான கிளைட் கைசர் என்ற சமூகவியலாளரின் ஆய்வு, செயின்ட் ஹெலினாவிலிருந்து புறப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து ஹார்லெம் வரை போகிறது. முதலில் சவானாவில் சில காலம் கூலி வேலை, அங்கிருந்து கப்பலில் நியூயார்க் என்று படிப்படியாகவே பலர் நகர்ந்திருக்கிறார்கள். போனவர்கள் இளையவர்கள், நிலத்தில் நின்றவர்கள் முதியவர்கள். வடக்கே சம்பாதித்தவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். நிலத்துக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வரியைக் காசாகத்தான் கட்ட வேண்டும். கிழங்கும் மீனும் வீட்டுக்கு உதவுமே தவிர வரி அலுவலகத்தில் செல்லாது. பருத்தி போன பிறகு தீவில் காசு வரும் வழி ஏது? ஆகவே பாட்டி தங்கியதற்கும் பேரன் போனதற்கும் இடையில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. எல்லாரும் தங்கியிருந்தால் அந்தப் பத்து ஏக்கர் 1930களைத் தாண்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

நெய்தல்வாசி:

வரிப் பணம் பற்றிய செய்தியை ஏற்கிறேன். ஆயினும் நிலம் தப்பியது என்பதும் மரபு தப்பியது என்பதும் ஒன்றல்லவே. பேரன் ஹார்லெமில் பிறந்த பிள்ளைகளுக்கு எந்த மொழியில் பேசினான்? அந்த மொழியைக் கேட்டால் நகரத்துக் கறுப்பர்களே சிரித்தார்கள் என்பதால் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். கீச்சி என்ற பெயரே வசைச்சொல்லாகப் பயன்பட்ட காலம் அது.

தாழை:

இருவரும் நிலத்தையும் மொழியையும் பேசுகிறீர்கள். நான் கைவேலையிலிருந்து வருகிறேன்.

சார்ல்ஸ்டனுக்கு வடக்கே மவுண்ட் பிளசன்ட் ஊரை ஒட்டி 17ஆம் எண் நெடுஞ்சாலையோரம் மரப்பலகைக் கடைகளில் பெண்கள் கூடை தைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பின்னுவது என்று சொன்னால் திருத்துவார்கள். தைப்பது என்பதே அவர்கள் வழக்கு. ஸ்வீட்கிராஸ் எனப்படும் வாசனைப் புல்லின் ஒரு கற்றையை முடிச்சிட்டு நடுவில் வைத்து, அதைச் சுருள் சுருளாக வளர்த்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு சுருளையும் முந்தைய சுருளோடு பால்மெட்டோ என்ற பனைவகையின் ஓலைக் கீற்றால் இறுக்குகிறார்கள். கீற்று நுழையத் துளையிடும் கருவிக்கு ‘எலும்பு’ என்று பெயர். இப்போது பெரும்பாலும் கிண்ணம் வெட்டப்பட்டு, முனை தட்டித் தேய்க்கப்பட்ட கரண்டிக் காம்பு. பழுப்புப் பட்டை வேண்டுமிடத்தில் ஊசியிலை மரத்தின் நீண்ட இலைகளையும், வலு வேண்டுமிடத்தில் கோரையையும் சேர்க்கிறார்கள். சுருள் அழுத்தமாக இல்லையென்றால் பாட்டியார் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வார். அடிமைக் காலத்தில் இதே முறையில் தைத்தது நெல் புடைக்கும் பெரிய வட்ட முறத்தை. அதைக் கோரையில் ஆண்களே தைத்தார்கள். முறம் போய் ரொட்டிக் கூடையும் பூக்கூடையும் வந்தன. புல் மாறியது, தைப்பவர் மாறினார்கள், கை அசைவு மாறவில்லை.

நான் கவனித்த ஒன்று உண்டு. இந்தக் கடைகள் தொன்றுதொட்டு இருந்தவை அல்ல. 1929இல் கூப்பர் ஆற்றின் மேல் பாலம் திறந்து, சுற்றுலாக் கார்கள் அந்தச் சாலையில் ஓடத் தொடங்கிய பிறகே பெண்கள் சாலையோரம் கூடைகளை மாட்டி வைத்தார்கள். அதாவது தனிமை காத்த மரபை அடுத்த தலைமுறைக்குக் கடத்தியது பாலமும் சந்தையும். பாலம் வந்தால் மரபு அழியும் என்று எழுதிவிடுவது எளிது. இங்கே அப்படி நடக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. புல் முளைக்கும் கடலோர மணல்திட்டுகள் வேலியிட்ட குடியிருப்புகளாகிவிட்டதால், புல் அறுக்கப் புளோரிடா வரை போக வேண்டியிருக்கிறது. 2006இல் மாநில அரசு இதைத் தன் அதிகாரபூர்வக் கைவினையாக அறிவித்தது. பட்டம் கிடைத்துவிட்டது, புல்தான் இல்லை.

ஆகையால், வடக்கே போன பேத்தி கூடை தைக்க மறந்தாளா என்பது மட்டும் கேள்வி அன்று. ஊரிலேயே இருந்த பேத்திக்குப் புல் கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும்.

பத்திர எழுத்தர்:

ஏட்டுப்பூச்சி அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். போனவர்கள் அனுப்பிய பணம் நிலத்தைக் காத்தது என்பது உண்மை. போனவர்களின் பங்கே பின்னாளில் நிலத்தை இழக்கவும் வைத்தது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

நிலத்தை வாங்கிய முதல் தலைமுறையில் பலர் உயில் எழுதவில்லை. எழுதப்படிக்கத் தெரியாதது ஒரு காரணம். வெள்ளையரின் நீதிமன்றத்தை நம்பாதது பெரிய காரணம். குடும்பச் சொத்து எல்லாருக்கும் பொது என்ற எண்ணம் மூன்றாவது. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பிரிக்கப்படாத பங்காகப் போகிறது. அமெரிக்காவில் இதற்கு வாரிசுச் சொத்து என்றே பெயர். நம் ஊரில் கூட்டுப் பட்டாவில் தாத்தா பெயரே நின்றுபோன நிலத்தை நினைத்துக்கொண்டால் நிலைமை விளங்கிவிடும்.

நெய்தல்வாசி அவர்களின் கற்பனைக் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். பத்து ஏக்கரை வாங்கியவருக்கு நான்கு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் நான்கு பிள்ளைகள் என்றால் பேரன் பேத்திகள் கையில் பதினாறில் ஒரு பங்கு. அவர்களுக்கு மும்மூன்று பிள்ளைகள் என்றால் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அந்த நாற்பத்தெட்டுப் பேரில் தீவில் இருப்பவர் ஐந்தாறு பேர். மீதிப் பேர் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும். எந்த மரத்தடி யாருடையது என்று யாராலும் காட்ட முடியாது. ஒவ்வொருவருக்கும் முழு நிலத்திலும் ஒரு நூலிழைப் பங்கு.

இப்போது கடற்கரையில் விடுதி கட்ட நினைக்கும் ஒருவர், நிலத்தைப் பார்த்தேயிராத ஒரு வாரிசைத் தேடிப்பிடித்து, அந்த நாற்பத்தெட்டில் ஒரு பங்கைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்குகிறார். வாங்கிய நாள் முதல் அவரும் கூட்டு உரிமையாளர். எந்தக் கூட்டு உரிமையாளரும் பாகப்பிரிவினை கேட்டு வழக்குத் தொடுக்கலாம் என்பது பழைய சட்டம். நாற்பத்தெட்டாக வெட்டிக் கொடுக்க இயலாத நிலத்தை மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிடும். ஏலத்தில் கையில் ரொக்கத்தோடு நிற்பவர் வழக்குத் தொடுத்தவரே. அங்கே பிறந்து, அங்கேயே எழுபது ஆண்டு உழுத கிழவிக்குக் கிடைப்பது ஒரு காசோலையும் காலி செய்யும் தேதியும். தெற்கு முழுவதும் கறுப்பர்களின் நிலம் கைமாறிய முக்கியமான வழிகளுள் இது ஒன்று. திருட்டு என்று சொன்னால் வழக்கறிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். சட்டப்படி நடந்தது என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

வேறு தொல்லைகளும் உண்டு. தெளிவான உரிமை இல்லாத நிலத்தின் மேல் வங்கி கடன் தராது. புயலில் கூரை போனால் பேரிடர் உதவி கேட்டு விண்ணப்பிப்பதற்கும் உரிமைப் பத்திரம் கேட்டார்கள். கூட்டரசின் பேரிடர் முகமை 2021இல்தான் அந்த விதியைத் தளர்த்தியது. 2010இல் தாமஸ் மிட்செல் என்ற சட்டப் பேராசிரியரின் முன்னெடுப்பில் ஒரு மாதிரிச் சட்டம் வரையப்பட்டது. பங்கை வாங்கியவர் நிலத்தை விற்கச் சொல்லி வழக்குப் போட்டால், நிலத்தை நடுநிலையாக மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பில் அவருடைய பங்கை வாங்கிக்கொள்ளக் குடும்பத்தாருக்கு முதல் வாய்ப்புத் தர வேண்டும். விற்றே ஆக வேண்டுமானால் பொதுச் சந்தை விலைக்கு விற்க முயல வேண்டும். ஜார்ஜியா இதை 2012இலும் தென் கரோலினா 2016இலும் ஏற்றன. சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 2015இல் சுட்டுக்கொல்லப்பட்ட மாநில மேலவை உறுப்பினர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரைத் தென் கரோலினாச் சட்டம் தாங்குகிறது. நல்ல சட்டம், ஹில்டன் ஹெட் தீவைப் பொறுத்தவரை ஐம்பது ஆண்டு தாமதம். அங்கே 1956இல் பாலம் வந்தது. அதுவரை ஏறக்குறைய முழுவதும் கறுப்பர்களே வாழ்ந்த தீவு அது. இன்று வாயிற்காவல் உள்ள குடியிருப்புகளுக்குள் தம் முன்னோர் கல்லறை சிக்கிக்கொண்ட குடும்பங்கள், அங்கே போய் மலர் வைக்கவும் காவலாளியிடம் பெயர் சொல்லி உள்ளே போக வேண்டும். அந்தக் குடியிருப்புகளில் பலவற்றின் பெயர்ப்பலகையில், அடிமைக் காலப் பண்ணையைக் குறிக்கும் ‘பிளான்டேஷன்’ என்ற சொல்லையே எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சவானா வாசகர்:

பணி நிமித்தம் ஜார்ஜியாக் கரையோரத்தில் வசிப்பவன் என்பதால், பாலமே வராத ஒரு தீவைப் பற்றிச் சொல்கிறேன். நெய்தல்வாசி அவர்கள் சொல்வது போல் பாட்டி பிடிவாதமாகத் தங்கியே விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சபேலோ தீவே சான்று.

சபேலோவுக்கு மெரிடியன் என்ற கரையிலிருந்து மாநில அரசின் படகில்தான் போக வேண்டும். தீவின் பெரும்பகுதி மாநில அரசுக்குச் சொந்தம். கீச்சி மக்கள் மிஞ்சியிருப்பது ஹாக் ஹம்மக் என்ற ஒரே ஊரில். முன்பு தீவில் பல சிற்றூர்கள் இருந்தன. புகையிலைச் செல்வந்தர் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் இளையவர் தீவை வைத்திருந்த காலத்தில், மற்ற ஊர்க்காரர்களை ஹாக் ஹம்மக்குக்கு நகர்த்தினார். ஆகவே அங்கே ‘தங்கியவர்களும்’ தங்கள் சொந்த நிலத்தில் தங்கவில்லை. தீவுக்குள்ளேயே குடிபெயர்க்கப்பட்டவர்கள் அவர்கள். 1978இல் தீவின் பள்ளி மூடப்பட்டது. அதன் பின்னர் பிள்ளைகள் படகேறிப் பெருநிலத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். வேலையும் அந்தப் பக்கமே. இப்படி இருக்கும்போது இளைஞர்கள் வெளியேறியதை ஊரைக் கைவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தங்கியவர்களால் நிலைத்தவையும் உண்டு. சபேலோவில் பிலாலி முகமது என்ற முஸ்லிம் அடிமை, பண்ணையின் மேற்பார்வையாளராக இருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா ஜலோன் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டவர். அவர் கைப்பட அரபியில் எழுதிய சிறு சுவடி இன்று ஜார்ஜியாப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நாட்குறிப்பு என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட அது, உண்மையில் இஸ்லாத்தின் மாலிகி மார்க்கச் சட்ட நூல் ஒன்றின் பகுதிகளை நினைவிலிருந்து எழுதியது. அவர் வழிவந்தவரான கார்னிலியா வாக்கர் பெய்லி (1945–2017) ஹாக் ஹம்மக்கிலேயே வாழ்ந்து, ஊரின் கதைகளை எழுதி, தீவின் செந்நிறத் தட்டைப்பயறை மறுபடி பயிரிட்டு விற்கும் முயற்சியையும் தொடங்கினார். குடும்பங்களை ஊரில் நிறுத்த வேண்டுமானால் கதை மட்டும் போதாது, வருமானம் வேண்டும் என்பது அவர் கணக்கு. என் பார்வையில் அவர் எழுதியதைவிட இந்தப் பயறு முக்கியம்.

2023இல் மாவட்ட நிர்வாகக் குழு ஹாக் ஹம்மக்கில் கட்டக்கூடிய வீட்டின் அளவு வரம்பை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 சதுர அடியாக உயர்த்தியது. பெரிய வீடு வந்தால் நிலமதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் பக்கத்துச் சிறு வீட்டுக்கும் வரி உயரும். அதை எதிர்த்து ஊர்க்காரர்கள் வழக்காடினார்கள். 2024 அக்டோபரில், தீவின் பண்பாட்டு நாள் விழாவுக்கு வந்தவர்கள் திரும்பப் படகுக்குக் காத்திருந்தபோது, துறையின் நடைபாலம் முறிந்து ஏழு பேர் இறந்தார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களும் விருந்தினரும் ஊருக்கு வரும் நாள் அது.

ஏட்டுப்பூச்சி:

சபேலோவுக்கு வடக்கே, அதே மாவட்டத்தில், ஹாரிஸ் நெக் என்ற ஊர் இருந்தது. நெய்தல்வாசி அவர்கள் முதலில் எழுதிய வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று அங்கிருந்து கிடைக்கிறது.

1930களின் தொடக்கத்தில் லோரன்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் எடைமிகுந்த ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தத் தீவுகளில் சுற்றினார். குல்லா மொழி என்பது அரைகுறை ஆங்கிலம் என்று அறிஞர்கள் ஏளனம் செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. அதில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களும் பெயர்களும் இருப்பதை 1949இல் அவர் நூலாக நிறுவினார். ஹாரிஸ் நெக்கில் அமிலியா டாலி என்ற பெண் அவருக்கு ஒரு பாட்டுப் பாடினார். பாடியவருக்குப் பொருள் தெரியாது; பாட்டியிடமிருந்து வந்த சந்தம் மட்டும் தெரியும். அது சியரா லியோனின் மெண்டே மொழி என்று பின்னர் அடையாளம் காணப்பட்டது.

1942இல் போர் விமானத் தளம் வேண்டும் என்று கூட்டரசு ஹாரிஸ் நெக்கின் சுமார் 2,700 ஏக்கரைக் கையகப்படுத்தி, அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்களைக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றியது. போர் முடிந்த பின்னும் நிலம் திரும்பவில்லை. 1962இல் அது வனவிலங்குப் புகலிடமாயிற்று. இன்று நாரைகள் இருக்கின்றன. நிலம் முற்றாகப் போயிற்று.

பாட்டு போகவில்லை. 1990களில் ஜோசப் ஓபாலா, சிந்தியா ஷ்மிட், தாசீஃப் கொரோமா ஆகிய ஆய்வாளர்கள் அந்தப் பழைய பதிவைக் கையில் வைத்துக்கொண்டு இரு கரையிலும் தேடினார்கள். அமிலியாவின் மகள் மேரி மோரன் ஜார்ஜியாவில் அதே பாட்டைப் பாடினார். சியரா லியோனில் செனஹுன் எங்கோலா என்ற சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்ற பெண்ணும் பாடினார். அங்கே அது இறந்தவர்க்கான சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு. 1997இல் மேரி மோரன் குடும்பத்துடன் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தார். கல்லறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றீர்கள். கல்லறைக்கான பாட்டு முதலில் அட்லாண்டிக்கைக் கடந்தது, பிறகு ஹாரிஸ் நெக் வெளியேற்றத்தையும் கடந்தது.

இதனால் நிலம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருத்தி விடாமல் பாடிய தற்செயல் அது. அதே ஊரில் மறைந்துபோன பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

நெய்தல்வாசி:

இந்தச் சான்று என்னை யோசிக்க வைக்கிறது, ஆனாலும் முழுக்கச் சம்மதிக்கவில்லை. பாட்டு தப்பியது ஒரு தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததால். வெளியேற்றப்பட்டவர்களில் பலர் பக்கத்திலேயே, மெக்கின்டோஷ் மாவட்டத்திலேயே குடியேறினார்கள். அதே மாவட்டத்தில்தான் ரிங் ஷவுட் என்ற வட்ட வழிபாடும் இடையறாமல் நின்றது. ஒருவர் துடைப்பக் கட்டையால் தரையில் தாளம் தட்ட, பெண்கள் கால்களைக் குறுக்கே வைக்காமல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகரும் அந்த வழிபாட்டுக்கு மரத்தரை வேண்டும், அறிந்த பத்துப்பேர் வேண்டும். ஹார்லெமில் அதே குடும்பங்கள் பெரிய தேவாலயங்களில் சேர்ந்தன, வட்டம் நின்றுவிட்டது. பாடுவதற்கு ஒருத்தி போதும். வட்டத்துக்கு ஊர் வேண்டும்.

தாழை:

வட்டத்துக்கு ஊர் வேண்டும் என்பதை ஏற்கிறேன். அந்த ஊருக்குத் திரும்பி வந்தவர்களையும் கணக்கில் சேர்ப்போம்.

மிஷெல் ஒபாமாவின் தந்தைவழிக் கொள்ளுப்பாட்டனாரின் தந்தை ஜிம் ராபின்சன், தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் அருகே பிரெண்ட்ஃபீல்டு என்ற நெற்பண்ணையில் அடிமையாக இருந்தவர். தாத்தா ஃபிரேசர் ராபின்சன் இளையவர் பிழைப்புத் தேடிச் சிகாகோ போனார். படித்தவர், கெட்டிக்காரர் என்று ஊரில் பெயரெடுத்தவருக்கு அந்த நகரம் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கி வைத்த வேலைகளே கிடைத்தன. அஞ்சலகத்தில் பணிசெய்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பின் மனைவியோடு ஜார்ஜ்டவுனுக்கே திரும்பி, அங்கே தம் பழைய தேவாலயத்தில் சேர்ந்துகொண்டார். வெள்ளை மாளிகை வரை போன குடும்பம் என்பதால் நமக்குத் தெரிகிறது. பெயர் தெரியாத ஆயிரம் அஞ்சலக ஊழியர்களும் தையல்காரிகளும் இதே வழியில் திரும்பியிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பாட்டியிடம் அனுப்பியதும், இறந்தவரின் உடலை ரயிலேற்றி ஊருக்குக் கொண்டுவந்து புதைத்ததும் இதே கணக்கில் சேரும். திரும்பி வரத் தரை இருந்ததால்தான் அவர்களால் திரும்ப முடிந்தது. இவ்வளவு தூரம் நெய்தல்வாசி அவர்களோடு நான் வருவேன்.

செயின்ட் ஹெலினாவில் 1999 முதல் ஒரு காப்பு விதி இருக்கிறது: வாயிற்காவல் குடியிருப்பு, கால்ப் மைதானம், விடுதி ஆகியவை தீவில் கூடாது. 2023இல் கால்ப் மைதானத்துக்காக அதைத் தளர்த்தக் கேட்டபோது, மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் எதிர்த்தார்கள்; மாவட்ட மன்றம் மறுத்துவிட்டது. ஹில்டன் ஹெட் பக்கத்திலேயே இருப்பதால், என்ன நடக்கும் என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

புதுவரவு:

மூத்தோர் உரையாடலில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்திர எழுத்தர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்தக் கற்பனைக் குடும்பத்தின் பேரன், நியூயார்க்கிலேயே பிறந்து வளர்ந்தவன், ஆண்டுதோறும் நிலவரியை மட்டும் தவறாமல் அனுப்பி வந்தால் நிலம் அவனுடையதாகிவிடுமா?

பத்திர எழுத்தர்:

ஆகாது. வரி கட்டியதற்கான ரசீது உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. நாற்பத்தெட்டு வாரிசுகளும் அப்படியே இருப்பார்கள். மற்றவர்கள் பங்குக்கும் சேர்த்துக் கட்டியதைப் பின்னால் விற்பனையோ பிரிவினையோ வரும்போது கணக்கில் கேட்கலாம், அவ்வளவே. ஆனால் அவன் கட்டாமல் விட்டால் நிலம் வரிப்பாக்கி ஏலத்துக்குப் போகும். தென் கரோலினாவில் ஏலம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பாக்கியையும் வட்டியையும் கட்டி மீட்கலாம். அதற்குப் பிறகு வழியில்லை. பல குடும்பங்கள் ஏலம் நடந்ததையே அறிவதில்லை. அறிவிப்புக் கடிதம் பதிவேட்டில் உள்ள பெயருக்குப் போகிறது. பதிவேட்டில் இருப்பது எப்போதோ இறந்துபோன கொள்ளுத்தாத்தாவின் பெயர்.

எனவே பேரனுக்கு நான் சொல்லும் வரிசை தலைகீழானது. உயில், அறக்கட்டளை, குடும்ப நிறுவனம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு எல்லா வாரிசுகளையும் தேடிக் குடும்ப மரம் வரைய வேண்டும், அதற்குத் தேவாலயப் பதிவேடும் கல்லறைக் கல்லும் உயிரோடிருக்கும் அத்தைகளின் நினைவும் வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும். சார்ல்ஸ்டனில் வாரிசுச் சொத்துப் பாதுகாப்புக்கென்றே 2005 முதல் இயங்கும் மையம் இதற்கு உதவுகிறது. அதற்கெல்லாம் முன்னால், செயின்ட் ஹெலினா அடங்கிய பியூஃபர்ட் மாவட்டத்தின் வரி அலுவலகத்தில், அந்த நிலத்தின் கணக்குக்கு எதிரே, கடிதம் வந்தால் பிரித்துப் படிக்கக்கூடிய ஒருவரின் அஞ்சல் முகவரி பதிவாகியிருக்கிறதா என்று அவன் பார்க்க வேண்டும். அது தீவு முகவரியாக இருந்தாலும் சரி, புரூக்ளின் முகவரியாக இருந்தாலும் சரி.